நகல் உப்பளத்தில் ஒற்றை ஆள்

மரக்காணத்து உப்பளங்களில் விடிவதற்குள் வேலை பாதி முடிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியின் பளபளப்பு கண்ணைத் திறக்கவிடாது. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் ஒரு சின்னத் தகராறு. மோட்டார் கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாவியை இடுப்பில் செருகியிருந்த பையன் டீ வாங்க கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தான். “அவன் வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கவேண்டியதுதான் சார்” என்றார் மேஸ்திரி. பத்து நிமிடத்தில் பையன் வந்தான், திட்டு வாங்கினான், கொட்டகை திறந்தது, மோட்டார் ஓடியது.

கணினிக்குள் இதே தகராறு நடப்பதுண்டு. அங்கே பையன் வருவதே இல்லை. டீக்கடைக்குப் போய்த் தாமதமாகவில்லை. அந்த உலகில் அப்படியொரு பையன் பிறக்கவே இல்லை. ஆனால் சாவி அவனிடம் இருப்பதாகப் பூட்டு உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜாவா நிரலாளர்களின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவரும் ஒரு கோளாறு இவ்வளவுதான். உப்பளத்தை வைத்துக்கொண்டே அதை விளக்கிப் பார்க்கலாம் என்று அன்று காலை தோன்றியது.

முதலில் இடம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர விளிம்பில், புதுச்சேரிக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது மரக்காணம். ஆந்திரத்திலிருந்து கரையோடு ஒட்டி இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இந்த வட்டாரத்தில்தான் முடிகிறது. சாலையின் ஓரமெல்லாம் பாத்திகள். மொத்தம் ஏறத்தாழ 3,000 ஏக்கர். உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மடை மாறிப் போகப் போக அடர்ந்து, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைகிறது. எந்த மடையை எப்போது திறப்பது, எதை எப்போது அடைப்பது என்பதில்தான் தொழிலின் சூட்சுமம். பலர் ஒரே நேரத்தில் ஒரே நீரைக் கையாளுகிறார்கள். ஆளுக்கு ஆள் ஒத்துப்போகாவிட்டால் உப்பு கெடும்.

இனி ஒரு கற்பனை. மணி ஆறே முக்கால். பாத்திகளில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு அம்மா பலகையால் உப்பை இழுத்து ஒதுக்குகிறார். இன்னொருவரின் கூடை பாதி நிறைந்திருக்கிறது. மேஸ்திரி கணக்கு நோட்டில் ஒரு வரியைப் பாதி எழுதியிருக்கிறார். பையன் கொட்டகையை உள்ளே தாழிட்டுக்கொண்டு மோட்டாரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கணத்தில் பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஒரு மந்திரச் சொல்லை உச்சரிக்கிறார். மொத்த உப்பளமும் அச்சு அசலாகப் பக்கத்தில் இன்னொன்றாக முளைக்கிறது. அதே பாத்திகள், அதே அடர்த்தியில் உவர்நீர், பாதி நிறைந்த அதே கூடை, பாதி எழுதிய அதே வரி, உள்ளே தாழிட்ட அதே கொட்டகை. ஆட்கள்? மந்திரம் சொன்ன ஒருவர் மட்டும்தான். மற்ற பதினொரு பேரும் பழைய உப்பளத்தில் எதுவும் அறியாமல் வேலையைத் தொடர்கிறார்கள். புதிய உப்பளத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும் பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன.

அந்த மந்திரச் சொல்லுக்கு யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மொழியில் ஃபோர்க் என்று பெயர்.

*

ஃபோர்க் என்றால் கவை. ஒரு கிளை இரண்டாகப் பிரியும் இடம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைத்தானே இரண்டாக்கிக்கொள்ளும் யோசனையை 1963-இல் எழுத்தில் வைத்தவர் மெல்வின் கான்வே. (ஒரு நிறுவனம் வடிவமைக்கும் பொருள் அந்த நிறுவனத்தின் பேச்சுத்தொடர்புகளைப் போலவேதான் இருக்கும் என்று ஒரு விதியைச் சொல்லி, பின்னாளில் அதனாலேயே அதிகம் அறியப்பட்டவரும் இவர்தான்.) பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜீனி திட்டத்தில் அந்த யோசனை உருவம் பெற்றது. பெர்க்லியில் படித்து, பின்னர் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சன் அதை பெல் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது பிடிபி-7 என்ற எந்திரம். 18 பிட் சொற்களில் எட்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே அதன் நினைவகம். இன்றைய கணக்கில் 18 கிலோபைட் அளவு. இடம் போதாததால் ஓடும் நிரலை வட்டுக்கு நகர்த்திவிட்டு அடுத்ததை உள்ளே கொண்டுவருவார்கள். தாம்ப்சன் கண்டுகொண்டது இதுதான்: வட்டுக்கு நகல் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, அந்த நகலையே குழந்தை என்று அறிவித்துவிட்டு மூலத்தையும் ஓடவிட்டால் என்ன? அதற்குத் தேவைப்பட்டது அசெம்பிளி மொழியில் சரியாக 27 வரிகள் என்று அவருடைய சகா டென்னிஸ் ரிச்சி பின்னால் பதிவு செய்திருக்கிறார்.

27 வரியில் கிடைத்த வசதியை ஐம்பது ஆண்டுக்கு மேலாக உலகம் பயன்படுத்துகிறது. நீங்கள் லினக்ஸ் முனையத்தில் ஒரு கட்டளை இட்டால், அதை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரல் முதலில் ஃபோர்க் செய்து தன்னை நகலெடுக்கிறது. பிறந்த குழந்தை எக்ஸெக் என்ற அடுத்த சொல்லைச் சொல்லி, தன் உடம்பை முழுவதும் உதறிவிட்டு நீங்கள் கேட்ட நிரலாக மாறிவிடுகிறது. நகல் உப்பளம் எழுந்த மறுநொடியே அதைத் தரைமட்டமாக்கி அங்கே வேறொரு கட்டடம் எழுப்புவது மாதிரி. வீண் வேலை போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சிறிய இடைவெளியில் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பலாம், அடைவை மாற்றலாம், உரிமைகளைக் குறைக்கலாம். யூனிக்ஸின் அழகு என்று நாங்கள் படித்ததில் பாதி அந்த இடைவெளியில் இருந்தது.

முழு நினைவகத்தையும் உண்மையிலேயே நகலெடுப்பதும் பின்னால் நின்றுபோனது. தாயும் குழந்தையும் நினைவகத்தின் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். யாராவது ஒருவர் ஒரு பக்கத்தில் எழுத முற்பட்டால், அப்போது அந்த ஒரு பக்கம் மட்டும் நகலாகும். இருந்தாலும் செலவு பூஜ்யமில்லை. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை நகலெடுத்தாக வேண்டும். 20 ஜிபி நினைவகம் பிடித்திருக்கும் நிரல் என்றால், 4 கேபி பக்கங்களாக 52 லட்சத்துக்கு மேல்; பக்கத்துக்கு 8 பைட் என்று அட்டவணை மட்டுமே 40 எம்பி. “தேதி என்ன” என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டளையை ஓட்டுவதற்கு இவ்வளவு. அதோடு, குழந்தை எல்லாப் பக்கத்திலும் எழுதிவிட்டால் இன்னொரு 20 ஜிபி எங்கிருந்து வரும் என்று இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் யோசிக்கும். கறாராக அமைக்கப்பட்ட கெர்னல் ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று கையை விரிக்கும். அதன் எண் 12. பெரிய ஜாவா சேவைகளைப் பராமரித்தவர்களுக்கு இந்த எண் பழைய கடன்காரன் முகம்போல நினைவிருக்கும்.

இதுவரை சொன்னது செலவுக் கணக்கு. பூட்டின் கதை அடுத்த காலகட்டத்தில் தொடங்குகிறது.

தாம்ப்சனின் உப்பளத்தில் ஒரே ஆள்தான். ஒரு நிரலுக்குள் ஒரே ஓட்டம். ஒற்றை ஆளை நகலெடுத்தால் யாரும் விடுபடமாட்டார்கள். பிறகு ஒரே நிரலுக்குள் பல ஓட்டங்கள் வந்தன, இழைகள் என்கிறோம். யூனிக்ஸ் உலகில் இழைகளுக்கான போசிக்ஸ் தரநிலை 1995-இல் வெளியானது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: பல இழைகள் ஓடும்போது ஒன்று ஃபோர்க் சொன்னால் எல்லா இழைகளையும் நகலெடுப்பதா, சொன்னதை மட்டுமா? எல்லாவற்றையும் நகலெடுத்தால், கோப்பில் எழுதிக்கொண்டிருந்த இழை இரண்டாகி ஒரே வரியை இரண்டு முறை எழுதும். அதனால் ‘சொன்னவர் மட்டும்’ என்று முடிவானது. ஆட்கள் போனார்கள், அவர்கள் போட்ட தாழ்ப்பாள்கள் நினைவகத்தில் இருப்பதால் அப்படியே நகலாகி நின்றன.

தரநிலையை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பல இழை நிரலில் பிறந்த குழந்தை, எக்ஸெக் சொல்லும்வரை மிகச் சில பாதுகாப்பான அழைப்புகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். திரையில் ஒரு வரி அச்சிடும் பிரிண்ட்எஃப் கூட அந்தப் பட்டியலில் கிடையாது. நிபந்தனை எழுதியாகிவிட்டது, யார் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

*

அதே 1995-இல் ஜாவா அறிமுகமானது. ஜாவா நிரல் நேரடியாக எந்திரத்தின்மேல் ஓடுவதில்லை. ஜேவிஎம் என்ற மெய்நிகர் எந்திரத்தின்மேல் ஓடுகிறது. நீங்கள் எழுதியது இரண்டே வரி என்றாலும் ஜேவிஎம் தன் வீட்டு வேலைக்குப் பல இழைகளை அமர்த்திக்கொள்ளும். பயனற்ற பொருள்களைத் தேடி அள்ளும் இழைகள், அடிக்கடி ஓடும் பகுதிகளை எந்திரமொழிக்கு மாற்றும் இழைகள், வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கவனிக்கும் இழை, எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் கொண்ட விஎம் இழை. ஜாவாவில் ஒற்றை ஆள் உப்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜாவாவிலிருந்து சி மொழியில் எழுதிய பகுதிகளை அழைக்க ஜேஎன்ஐ என்ற வாசல் உண்டு. அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, பழைய கணக்கீட்டு நூலகம் என்று எதையாவது பிடிக்க அந்த வாசல் வழியாகப் போகத்தான் வேண்டும். வாசலைத் தாண்டியபின் அந்த சி நிரல் என்ன செய்கிறது என்பது ஜேவிஎம்முக்குத் தெரியாது. அது ஃபோர்க் சொன்னால், மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மொத்த உப்பளத்தையும் நகலெடுத்துவிட்டது என்று பொருள்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பாகத் தெரிந்ததல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலைபார்த்த இடத்தில் ரசீது அச்சிடும் சேவை ஒன்று இருந்தது. ஜாவாவில் எழுதியது, அச்சிடும் பகுதி மட்டும் ஒரு சி நூலகம். அந்த நூலகம் ஃபோர்க் செய்து, குழந்தையை வைத்து அச்சடித்து, முடிந்ததும் ஜாவா பக்கத்துக்குத் திரும்ப அழைத்து ‘முடிந்தது’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லும். சோதனையில் ஆயிரம் ரசீது அடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. நேரடிப் பயன்பாட்டுக்கு வந்தபின் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு குழந்தை அப்படியே உறைந்துவிடும். பிழைச்செய்தி கிடையாது. சிபியுவின் சுமை பூஜ்யம். மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். மறுபடி தொடங்கினால் சரியாகிவிடுகிற கோளாறைப் போல நீண்ட ஆயுள் வேறு எந்தக் கோளாறுக்கும் கிடையாது. எங்களுடையது எட்டு மாதம் வாழ்ந்தது.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை? இதற்கான விடைதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஜேவிஎம்மில் ஒவ்வொரு இழைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு. புதிய பொருள்களை அந்தப் பாத்திக்குள் வைத்துக்கொள்ள யாரையும் கேட்கத் தேவையில்லை, பூட்டும் தேவையில்லை. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. எனவே ஃபோர்க் ஆகிப் பிறந்த குழந்தை தன் பாத்தியில் இடம் இருக்கும்வரை சுகமாக ஓடும். சோதனை நிரல்கள் சின்னவை. பாத்தி நிறைவதற்குள் முடிந்துவிடும். நிஜ வேலையில் பாத்தி நிறையும். அடுத்த பாத்தி கேட்க வேண்டும். பொது நிலமும் தீர்ந்திருந்தால் குப்பையை அள்ளியாக வேண்டும். அதற்கு விஎம் இழையிடம் கோரிக்கை வைத்துவிட்டு, அது கையசைக்கக் காத்திருக்கும். விஎம் இழை அந்த உலகில் இல்லை. மேஸ்திரியே இல்லாத உப்பளத்தில் மேஸ்திரியின் விசிலுக்காக ஒருவர் கூடையோடு நிற்கிறார். வாரக்கணக்கில் நிற்கத் தயார். சம்பளம் கேட்பதில்லை, புகாரும் சொல்வதில்லை.

ஏன் நிற்கிறாய் என்று கேட்கவும் வழி இல்லை. உறைந்த ஜாவா நிரலுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பினால், ஒவ்வொரு இழையும் எங்கே நிற்கிறது என்று அது பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலைக் கொடுக்கும் பொறுப்பு சமிக்ஞை கவனிக்கும் இழையுடையது. அதுவும் காணாமல்போன பதினொரு பேரில் ஒன்று. நாங்கள் சமிக்ஞைமேல் சமிக்ஞையாக அனுப்பிவிட்டு, கருவிதான் பழுது என்று முடிவுகட்டினோம்.

வேறு தொல்லைகளும் இதோடு வருகின்றன. தாய் திறந்துவைத்திருந்த கோப்புகளும் குழாய்களும் குழந்தையிடமும் திறந்தே இருக்கும். ஒரு வாய்க்காலுக்கு இரண்டு மடை என்று வையுங்கள். கீழே இருப்பவர் நீர் நின்றுவிட்டது என்று முடிவுசெய்ய இரண்டும் அடைபட வேண்டும். தாய் தன் மடையை அடைத்துவிட்டுப் போய்விட்டது. குழந்தைக்குத் தன்னிடம் ஒரு மடை இருப்பதே தெரியாது. கீழே படித்துக்கொண்டிருக்கும் நிரல் முடிவுக்குறி வராமல் காத்துக் கிடக்கும். பாதி நிறைந்த கூடையும் அப்படித்தான்: எழுதிச் சேர்த்துவைத்து இன்னும் வெளியே அனுப்பாத எழுத்துகள் இரு பக்கமும் இருப்பதால், இரு பக்கமும் அனுப்பிவிட்டால் ஒரே ரசீது இரண்டு முறை அச்சாகும். ஜேவிஎம் தன் செயல்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறிக்கும் கோப்பு ஒன்று தாய்க்கும் குழந்தைக்கும் பொதுவாகவே இருக்கும். ஒரே நோட்டில் இரண்டு மேஸ்திரிகள். குழந்தை இறந்த செய்தியிலும் போட்டி உண்டு. ஜாவா தான் தொடங்கிய ஒவ்வொரு குழந்தையின் முடிவையும் அறிய ஓர் இழையை உட்கார்த்தி வைத்திருக்கும். சி நூலகம் ‘எந்தக் குழந்தை இறந்தாலும் எனக்குச் சொல்’ என்று கேட்டுவைத்தால், செய்தி அங்கே போய்விடும். ஜாவாவின் இழை வெறுங்கையோடு திரும்பும்.

பூட்டுகளை எல்லாம் ஃபோர்க்குக்கு முன் நாமே வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் இரு பக்கமும் திறந்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். அதற்கென்றே ஓர் அழைப்பும் தரநிலையில் உண்டு. எல்லாச் சாவிகளும் யார் யாரிடம் இருக்கின்றன என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். லினக்ஸின் வழக்கமான சி நூலகம் தன்னுடைய நினைவக ஒதுக்கீட்டுப் பூட்டுகளை இப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறது. ஜேவிஎம்மின் பூட்டுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும், போன ஆட்களை அது எங்கிருந்து கொண்டுவரும்?

*

ஜாவாவை உருவாக்கியவர்களே வெளி நிரல்களைத் தொடங்க என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், படிப்படியாக ஃபோர்க்கைவிட்டு விலகியிருக்கிறார்கள். லினக்ஸில் வெகுகாலம் விஃபோர்க் என்ற தம்பியை நம்பினார்கள். 1970-களின் இறுதியில் பெர்க்லியில் பிறந்த இது எதையும் நகலெடுக்காது. குழந்தை எக்ஸெக் சொல்லும்வரை தாயை நிறுத்திவைத்துத் தாயின் நினைவகத்திலேயே ஓடும். வேகம் அபாரம், கத்தியின்மேல் நடை. 2019 செப்டம்பரில் வந்த ஜாவா 13 முதல் லினக்ஸில் இயல்பான வழி போசிக்ஸ் ஸ்பான் என்ற அழைப்பு. அது நேராக நீங்கள் கேட்ட நிரலையும் தொடங்குவதில்லை. ஜேஸ்பான்ஹெல்பர் என்ற குட்டி நிரலைத் தொடங்குகிறது. அது கூடுதல் இழை இல்லாத, பூட்டு இல்லாத, வெறும் தரை. தேவையற்ற மடைகளை அடைப்பது, அடைவை மாற்றுவது எல்லாம் அங்கே நிதானமாக நடந்தபின், அது எக்ஸெக் சொல்லி நீங்கள் கேட்ட நிரலாக மாறுகிறது.

அதே 2019-இல் ஆண்ட்ரூ பௌமன், ஜொனதன் அப்பாவூ, ஓரன் க்ரீகர், டிமோதி ராஸ்கோ ஆகிய நால்வர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் ஃபோர்க்குக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். மாணவர்களுக்கு அதை இயங்குதள வடிவமைப்பின் அழகு என்று கற்பிப்பதை நிறுத்தி, வரலாற்றுப் பொருளாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். பைத்தான் மொழியும் அதே திசையில் நகர்ந்தது. 2023-இல் வந்த 3.12 பதிப்பு, பல இழைகள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கிறது. 2025-இல் வந்த 3.14 பதிப்பில், லினக்ஸில் பல செயல்களாகப் பிரியும்போது ஃபோர்க் இயல்பு வழியாக இல்லை.

நால்வரின் கோபம் எனக்குப் புரிகிறது. முழுவதும் ஏற்க மட்டும் மனம் வரவில்லை. காரணம், மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்தது.

சாவித் தகராறு தீர்ந்தபின் அவர் போனை எடுத்து மழை வருமா என்று பார்த்தார். உப்புக்காரருக்கு வானிலை என்பது வேடிக்கைச் செய்தி இல்லை. ஒரு நல்ல மழை பாத்தியில் உறைந்ததைக் கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவர் வைத்திருந்தது ஆண்ட்ராய்டு போன். செயலியின் படத்தைத் தொட்டார், திரை மலர்ந்தது. அந்த அரை நொடியில் அவர் உள்ளங்கைக்குள் நடந்தது ஃபோர்க். அதுவும், ஜாவா நிரலை ஓட்டும் ஒரு மெய்நிகர் எந்திரத்துக்குள், சி++ மொழியில் எழுதிய பகுதியிலிருந்து சொல்லப்பட்ட ஃபோர்க். குழந்தை எக்ஸெக் சொல்வதும் இல்லை. நகல் உப்பளத்திலேயே தங்கி, மணிக்கணக்கில் உப்பு வாருகிறது. நான் இத்தனை பக்கமாகக் கூடாது கூடாது என்று சொல்லிவந்த அதே காரியம், உலகத்தின் கோடிக்கணக்கான போன்களில் நாள் முழுக்க நடக்கிறது, உறைவதும் இல்லை.

ஆண்ட்ராய்டின் முதல் மெய்நிகர் எந்திரத்தை எழுதியவர் டான் போர்ன்ஸ்டைன். அதற்கு டால்விக் என்று பெயர் வைத்தார். ஐஸ்லாந்தின் வடகரையில் உள்ள மீனவ ஊர் ஒன்றின் பெயர் அது. (ஒரு மீனவக் கிராமத்தின் பெயர் தாங்கிய எந்திரம் மரக்காணத்து மீனவர்களின் படகுகளிலும் ஏறியது. மீனவர்களுக்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஃபிஷர் ஃபிரண்ட் செயலியும் ஆண்ட்ராய்டில் ஓடுவதுதான்.) முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 அக்டோபரில் வந்தபோது அதன் நினைவகம் 192 எம்பி. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மெய்நிகர் எந்திரத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான வகுப்புகளை ஏற்றுவதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. எனவே போன் உயிர்பெறும்போது ஒரே ஒரு எந்திரத்தைத் தொடங்கி, பொதுவான வகுப்புகளை எல்லாம் அதில் ஏற்றித் தயாராக வைத்தார்கள். செயலி கேட்கப்படும்போதெல்லாம் அது ஃபோர்க் ஆகும். ஏற்றிவைத்த பக்கங்களை யாரும் மாற்றி எழுதாதவரை எல்லாச் செயலிகளும் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்ளும். அந்தத் தாய்க்கு வைத்த பெயர் ஸைகோட், உயிரியலில் கருவுற்ற முட்டை. 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 டால்விக்கை நீக்கி ஏஆர்டி என்ற புதிய எந்திரத்தைக் கொண்டுவந்தபோதும் ஸைகோட் அப்படியே தொடர்ந்தது.

அங்கே மட்டும் எப்படி உறையாமல் இருக்கிறது? கட்டுப்பாடுதான். ஸைகோட் வகுப்புகளை ஏற்றும் கட்டத்தில் யாராவது புதிய இழையைத் தொடங்க முயன்றால் அந்த இடத்திலேயே பிழை என்று நிறுத்தப்படும். வீட்டு வேலை செய்யும் சில இழைகள் இருக்கத்தான் செய்யும். ஃபோர்க்குக்கு முன் அவற்றிடம் நிற்கச் சொல்கிறார்கள். சொன்னதோடு விடுவதில்லை. நின்றுவிட்டன என்ற பேச்சையும் நம்பாமல், இந்த நிரலில் இப்போது எத்தனை இழை உயிரோடு இருக்கிறது என்று கெர்னலின் பதிவேட்டையே எண்ணிப் பார்க்கிறார்கள். ஒன்று என்று விடை வரும்வரை காத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் கோப்புகளையும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள்; பட்டியலில் இல்லாத ஒன்று திறந்திருந்தால் ஃபோர்க் செய்வதைவிட நிரலை வீழ்த்துவது மேல் என்று வீழ்த்திவிடுகிறார்கள். இவ்வளவும் முடிந்தபிறகே அந்தச் சொல். பிறந்த குழந்தை முதல் வேலையாகத் தன் பக்கத்து வேலையாட்களைப் புதிதாக எழுப்பிக்கொள்கிறது; தாயும் அப்படியே.

உப்பளக் கணக்கில் சொன்னால், எல்லோரையும் கரையேற்றி, கொட்டகையைத் திறந்துவைத்து, நோட்டில் வரியை முடித்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு, தலை எண்ணியபின் மந்திரம் சொல்கிறார்கள். தாம்ப்சனின் ஒற்றை ஆள் உப்பளத்தை அந்த ஒரு கணத்துக்கு மட்டும் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

இதற்கும் விலை உண்டு. எல்லாச் செயலிகளும் ஒரே தாயின் நகல் என்பதால், நினைவகத்தில் எந்த நூலகம் எந்த முகவரியில் இருக்கிறது என்பது எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு செயலியின் வீட்டு வரைபடம் தெரிந்த திருடனுக்கு மற்ற வீடுகளின் வரைபடமும் தெரியும். இதை 2014-லேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பாதுகாப்பில் கறாரான கிராஃபீன்ஓஎஸ் போன்ற ஆண்ட்ராய்டு வகைகள் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு செயலியையும் எக்ஸெக் வழியாகப் புதிதாகத் தொடங்குகின்றன. மற்றவர்கள் வேகத்தின் பக்கம் நிற்கிறார்கள்.

எங்கள் ரசீதுச் சேவையை எப்படிச் சரிசெய்தோம் என்று கேட்பீர்கள். ஜேவிஎம் எழுவதற்கு முன்பே ஒரு சிறிய சி நிரலைத் தனியாகத் தொடங்கிவைத்தோம். ஜாவா அதனுடன் ஒரு குழாய் வழியாகப் பேசும். ஃபோர்க் எல்லாம் அந்தப் பக்கம். இழை ஒன்றே ஒன்று, பூட்டு எதுவும் கிடையாது. நாங்கள் எழுதிய வரிகள் 150-க்கும் குறைவு. எங்களை அறியாமலே ஒரு குட்டி ஸைகோட்டைச் செய்திருந்தோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பைத்தான் 3.14 இயல்பு வழியாக ஆக்கியிருப்பதும் ஏறக்குறைய இதையேதான்: சுத்தமான ஒரு தாயை முன்னதாகவே ஒதுக்கிவைத்து, ஃபோர்க் செய்யும் வேலையை அதனிடம் மட்டும் விடுவது.

உங்கள் ஜாவா நிரலும் ஏதாவது சி நூலகத்தை அழைக்கிறதென்றால், அதன் மூலநிரலில் ஃபோர்க் என்ற சொல்லை ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால், அதற்கும் எக்ஸெக்குக்கும் நடுவில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த வரிகளில் எதுவும் ஜாவா பக்கம் திரும்பிப் போகக்கூடாது, எதுவும் பதிவேட்டில் எழுதக்கூடாது. எக்ஸெக்கே இல்லையென்றால், இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். பாத்தி இன்னும் நிறையவில்லை, அவ்வளவுதான்.